வலது காதுக்காரன்

என்னுடைய கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அளவு சொன்னது நான். வாசகம் எழுதிக் கொடுத்தது நான். அதில் இருந்த ஒற்றுப் பிழையைத் திருத்தியதும் நான். கைபேசியில் மாதிரி வந்தவுடன் இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, ‘சூப்பர், அடிச்சிடுங்க’ என்று பதில் போட்டதும் சாட்சாத் நானேதான். மறுநாள் காலை விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்புக்குப் பக்கத்தில், எட்டடி உயரத்தில், இரண்டு புறமும் குத்துவிளக்கு எரிய, கழுத்தில் அச்சடித்த ரோஜா மாலையோடு, சிரித்த முகமாக நான் காலமாகியிருந்தேன்.

இத்தனைக்கும் நான் பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் சொல்லிக்கொடுக்கிறவன். ஒரு படத்தைக் கையில் வாங்கினால் முதலில் முழுப் படத்தையும் பார், எது மேலே, எது கீழே என்று தெரிந்துகொண்ட பிறகு அளவைப் பார் என்று வருடா வருடம் தொண்டை வற்றக் கத்துகிறவன். அன்றைக்கு நான் அளவை மட்டும் பார்த்தேன். அதுவும் இரண்டே இரண்டு படங்களின் அளவை. என் படம், என் நண்பன் படம். என்னுடையது பெரிதாக இருந்தது. அது போதுமாக இருந்தது எனக்கு.

பொறாமை வந்தவன் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது என்பதை நான் எட்டடிக்கு அடித்தே நிரூபித்திருக்கிறேன்.

பழியை இங்கிலாந்துக்காரர்கள் நான்கு பேர் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பஞ்சாலைகள் மூடிப்போன ஏதோ ஒரு ஊரில், யாரோ ஒருவருடைய கார் கொட்டகையில் அவர்கள் ஒரு த்ராஷ் மெட்டல் குழு ஆரம்பித்தார்கள். த்ராஷ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கிடார்களும் மரமறுக்கும், டிரம் வாசிப்பவர் யாரோ துரத்துகிற மாதிரி அடிப்பார், பாடுகிறவர் பாடமாட்டார், திட்டுவார். ஒருமுறை என் அம்மா அரை நிமிடம் கேட்டுவிட்டு, “மல்லாட்டை உடைக்கற மிஷினுக்கு இன்னாத்துக்குடா தலைய ஆட்டற?” என்றாள். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

குழுவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் இணையத்தில் தேடுவீர்கள். தேடினால் நான் செத்த செய்திதான் முதலில் வரும்.

*

கல்லூரி நாட்களில் நான் கெடாரிலிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் வந்து பாசஞ்சர் ரயில் ஏறுவேன். என் நண்பன் திண்டிவனத்தில் ஏறுவான். கல்லூரி அதற்கும் அந்தப் பக்கம். விழுப்புரத்திலேயே ஏறுகிறவன் என்பதால் ஜன்னல் சீட்டு எனக்கு. என் வலது பக்கத்தில் பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்து வைப்பேன். அவன் வந்து உட்கார்ந்ததும் போனை எடுப்பான். போன் அவனுடையது, மெமரி கார்டு அவனுடையது, காதில் மாட்டுகிற ஒயர் அவனுடையது. பெரிய மனது பண்ணி ஒரு முனையை எனக்குக் கொடுப்பான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தது என் வலது காது. எனக்குப் பக்கத்தில் இருந்தது அவனுடைய இடது காது. அப்படியே மாட்டிக்கொள்வோம். மூன்று வருடம் அப்படித்தான் கேட்டோம்.

அந்தக் குழுவில் கிடார் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர். பதிவு செய்யும்போது ஒருவரை முழுக்க இடது பக்கமும் இன்னொருவரை முழுக்க வலது பக்கமும் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது அந்த மாதிரி இசையில் வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. இடதுக்காரர்தான் வித்தைக்காரர், நடுவில் வருகிற சோலோ எல்லாம் அவருடையது. வலதுக்காரர் பின்னால் நின்று ஒரே சீராக அறுத்துக்கொண்டே இருப்பார். ஆக, மூன்று வருடம் நான் கேட்டது, சோலோவே இல்லாத ஒரு குழுவை.

பாட்டின் நடுவில் திடீரென்று நண்பன் கண்ணை மூடிக்கொள்வான். முகம் எங்கேயோ போகும். விரல் தொடையில் ஓடும். என் காதில் அதே ஜகஜகஜக. இவன் எதைக் கேட்டு இப்படி உருகுகிறான் என்று எனக்குப் புரியாது. கேட்டால் ரசனை இல்லாதவன் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். அதனால் நானும் கண்ணை மூடிக்கொள்வேன். திண்டிவனம் தாண்டி ஏறுகிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். நண்பன் மேல் எனக்கு வந்த முதல் பொறாமை அதுதான்: எனக்குத் தெரியாத ஒரு சந்தோஷம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் சொந்தமாக ஒரு போன் வாங்கி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு நான் படுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு மனப்பாடமான பாட்டுதான். ஒன்றரை நிமிடத்தில் இடது காதில் யாரோ ஒரு புது ஆள் நுழைந்தான். நுழைந்து கத்தினான், அழுதான், குட்டிக்கரணம் போட்டான். நான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். சொந்த வீட்டில் மூன்று வருடம் குடியிருந்த பிறகு, இன்னொரு அறை இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அந்த அறையில் என் நண்பன் இத்தனை நாளாகக் காலை நீட்டிப் படுத்திருந்திருக்கிறான்.

அவனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சாகும்வரை சிரிப்பான். அதற்குப் பதிலாக ஒரு கொள்கை வகுத்துக்கொண்டேன்: உண்மையான இசை வலது பக்கம்தான் இருக்கிறது. சோலோ எல்லாம் வெறும் பந்தா. யாரும் கவனிக்காமல் பாட்டைத் தூக்கி நிறுத்துகிற வலதுக்காரர்தான் என் ஆள்.

*

இரண்டாவது ஆல்பம் வந்தபோது குழு ஏறுமுகத்தில் இருந்தது. ஜெர்மனியில் சேற்றில் நின்று கேட்கிற பெரிய விழா, ஜப்பான், அமெரிக்கா. கார் கொட்டகையில் வாசித்தவர்கள் விமான நிலையத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிற படமெல்லாம் வந்தது. திண்டிவனத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்த என் நண்பன், கடைக்கு மேலே ஒரு பேனர் கட்டினான். எங்கள் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், பத்தாம் வகுப்பு பாஸானாலும் பேனர். இங்கிலாந்துக்காரர்களுக்கு ஏன் கூடாது? ‘இரைச்சலின் இமயமே, இடிகளின் இளவலே, வருக வருக’ என்று போட்டிருந்தான். அவர்கள் வருவதாக இல்லை. ஆனால் ‘வருக வருக’ இல்லாமல் பேனர் அடித்துக் கொடுக்கிற கடை திண்டிவனத்தில் இல்லை. எதிர்க் கடைக்காரர், “எந்தக் கட்சிங்க? என்னிக்கி கூட்டம்?” என்று விசாரித்தார்.

அந்தப் பேனரில் நான்கு பேருக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுக்கு என் நண்பன். அவன் முழங்கைக்குக் கீழே, கடையின் போன் நம்பருக்கும் ‘இங்கு டிஸ்ப்ளே மாற்றித் தரப்படும்’ என்பதற்கும் நடுவில், வட்டத்துக்குள் நான்.

அதைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினான். இடதுக்காரர் பதில் போட்டார். இரண்டே வரி. முதல் வரி, நன்றி சகோதரா. இரண்டாவது வரி: கீழே இருக்கும் அந்தச் சின்னவர் யார்?

நண்பன் அதைப் பெரிதாக அச்செடுத்து, லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே, மாதா படத்துக்கு ஒரு சாண் தள்ளி மாட்டினான். நான் எப்போது கடைக்குப் போனாலும் என் முதுகு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரிதான் உட்காருவேன். அவன் விடமாட்டான். கடைக்கு வருகிறவர்களிடம், “அண்ணே, இவன்தான் அந்தச் சின்னவரு” என்று அறிமுகப்படுத்துவான்.

அன்றைக்கு எனக்குள் ஒன்று நிலைத்துவிட்டது. வலதுக்காரரிடமிருந்து எனக்கு ஒரு பதில் வர வேண்டும். ஒரு வரி போதும். லேமினேஷன் செலவு என்னுடையது.

எழுதினேன். அவருடைய வலது கை மணிக்கட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். அவருக்குப் பிள்ளை பிறந்தபோது எங்கள் பக்கத்து வழக்கப்படி மொட்டை எப்போது அடிப்பது நல்லது என்றுகூட எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் யாருக்கும் எழுதுவதில்லை என்று ரசிகர்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேட்டிகளில்கூட இடதுக்காரர் பேசுவார், பாடகர் பேசுவார், இவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து குளிர்பானப் புட்டியின் லேபிளை உரித்துக்கொண்டிருப்பார்.

இதில் இன்னொரு கொடுமை, குழுவைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் என் நண்பனுக்குத்தான் முதலில் தெரியும். நாள் முழுக்கப் போனோடே உட்கார்ந்திருக்கிற தொழில். நான் வகுப்பில் சாக்பீஸ் தூளில் இருக்கும்போது கூப்பிடுவான்.

“மச்சி, மேட்டர் தெரியுமா?”

“தெரியும்டா.”

“இன்னா, சொல்லு பாப்போம்?”

“கிளாஸ்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்.”

ஒருமுறைகூட எனக்குத் தெரிந்திருந்ததில்லை. ஒருமுறைகூட அவன் நம்பியதுமில்லை.

*

மூன்றாவது ஆல்பத்தில் சரிவு தொடங்கியது. பாடகர் திட்டுவதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார். இடதுக்காரரின் சோலோ நீண்டுகொண்டே போய், ஒரு பாட்டில் நான் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தும் முடியவில்லை. இரண்டு கிடார்க்காரர்களும் தனித்தனி வண்டியில் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு முன்பே எனக்குத் தெரியும். குழுவின் ஒவ்வொரு வருடப் படத்தையும் எடுத்து, இடதுக்காரரின் தோளுக்கும் வலதுக்காரரின் தோளுக்கும் இடையில் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் நடுவில் ஒரு மரமே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கையலம்பிவிட்டுப் போனைப் பார்த்தால், அறிவிப்பு. பதினாறு வருடப் பயணம் முடிந்தது, அவரவர் வழியில் போகிறோம், அடுத்த மாதம் சொந்த ஊரில் கடைசிக் கச்சேரி. கீழே நான்கு பேருடைய கையெழுத்து.

நண்பனைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. திரும்பவும் கூப்பிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: அன்றைக்கு அவன் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம். இவன்தான் ஞானத்தகப்பன். கோயிலில் போனை அணைத்து வைத்திருக்கிறான்.

அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் வாலிபத்தையே கொடுத்துக் கேட்ட குழு உடைந்துபோன அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது துக்கமில்லை. முதன்முதலாக நான் முந்திவிட்டேன் என்கிற குளிர்ச்சி. சாயந்திரம் அவனே திருப்பிக் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. அவனுக்கு இதை நான் வாயால் சொல்வதாக இல்லை. பேனரால் சொல்வதாக இருந்தேன். அதற்குள் விழுப்புரத்தில் தெரிந்த பேனர் கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லியாகிவிட்டது.

“அண்ணே, கண்ணீர் அஞ்சலி ஒண்ணு.”

“அடடா. யாருங்க சார்?”

“வெள்ளக்காரங்க. நாலு பேரு.”

“ஆக்சிடெண்டுங்களா?”

“இல்லண்ணே. பிரிஞ்சிட்டாங்க.”

எத்தனையோ வகை மனிதர்களைப் பார்க்கிற தொழில். “செரிங்க சார், போட்டோ அனுப்பி வுடுங்க” என்றார்.

“இன்னொண்ணு. என் போட்டோ பெருசா வரணும். இருக்கறதுலயே அதான் பெருசா இருக்கணும். கூட ஒருத்தன் போட்டோ அனுப்பறேன். அது சின்னதா, கீழ.”

“எவ்ளோ சின்னதா?”

“பாஸ்போர்ட்டு சைசு கூட வேணாம். ஸ்டாம்பு சைசு.”

“பண்ணிடலாம். தோற்றம் மறைவு போடணுங்களே?”

குழு தொடங்கிய வருடத்தைத் தோற்றத்துக்குச் சொன்னேன். மறைவுக்கு அன்றைய தேதி.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கண்ணீர் அஞ்சலியில் யார் படம் பெரிதோ அவர்தான் போய்ச் சேர்ந்தவர். இது அவர் தொழிலில் சட்டம். மாலையும் விளக்கும் பெரிய படத்துக்குத் தானாக வந்து உட்காரும். சின்னப் படங்கள் எல்லாம் கீழே, ‘ஆழ்ந்த துயரத்தில் வாடும் நண்பர்கள்’ என்ற தலைப்புக்குள் வரிசையாகப் போகும். அப்படித்தான் போயின. மார்பு வரை முடி வளர்ந்த, கறுப்புச் சட்டை போட்ட, இங்கிலாந்து நாட்டுத் த்ராஷ் மெட்டல்காரர்கள் நான்கு பேர் என் மறைவுக்காகக் கீழே துயரத்தில் வாடினார்கள். அவர்கள் பக்கத்தில், அவர்கள் அளவிலேயே, அவர்களில் ஒருவனைப் போல, ஐந்தாவதாக என் நண்பன்.

இப்போதும் எனக்கு எரிவது அதுதான். நான் செத்தது பரவாயில்லை. நான் செத்ததால் அவன் குழுவில் சேர்ந்துவிட்டான்.

*

திங்கள்கிழமை காலை நான் வேறு வழியாகக் கல்லூரிக்குப் போய்விட்டேன். தேர்வு மேற்பார்வை. போனை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது போன் சுட்டது. கேட்டருகில் நின்ற மாணவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது ஆச்சரியமா, ஏமாற்றமா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. மறுநாள் விடுமுறை என்று அதற்குள் ஒரு வகுப்பு முடிவு கட்டியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் என் மனைவி வாசலிலேயே நின்றாள். யாரோ படத்தை அனுப்பியதும் கல்லூரிக்குப் போன் போட்டு, நான் உயிரோடு மேற்பார்வை செய்துகொண்டிருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

“ஏங்க, பதினாறு வயசுல செத்துட்டீங்களாமே” என்றாள். “தோற்றம் போட்டிருக்கற வருஷத்த கணக்குப் போட்டேன். அந்த தொப்பையோட பதினாறு வயசுன்னா யாருங்க நம்புவாங்க?”

உள்ளே கெடாரிலிருந்து பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய சாமந்தி மாலை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வந்துட்டியா. ஒண்ணும் ஆவலையே?”

“இல்ல பெரிப்பா. பேனர்ல தப்பு.”

“செரி, நல்லதாப் போச்சு.” மாலையைப் பார்த்தார். “இத இன்னாடா பண்றது? திருப்பி வாங்கிக்கமாட்டான் பூக்கடக்காரன்.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் ஸ்கூட்டருக்குப் போட்டுவிட்டுப் போனார்.

நான் சோற்றில் கை வைத்தபோது வாசலில் பைக் நின்ற சத்தம். நண்பன். ஹெல்மெட் இல்லை, ஒரு காலில் மட்டும் செருப்பு. திண்டிவனத்திலிருந்து நெடுஞ்சாலையில் அப்படியே வந்திருக்கிறான். கதவைப் பிடித்துக்கொண்டு என்னையும் என் தட்டையும் பார்த்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“ரோட்ல ஒரே புழுதி” என்றான், நான் கேட்காமலே.

“என் பொண்டாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாமேடா?”

“அதுகிட்ட போன் போட்டு, உன் புருஷன் இருக்கானா செத்தானான்னு எப்டிடா கேக்கறது?” கதவை விட்டான். உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து உடைத்தான். “அது கெடக்கட்டும். என் போட்டோவ ஏன் அவ்ளோ சின்னதாப் போட்ட?”

சொல்லிவிட்டேன். அறிவிப்பு, முந்திக்கொண்டது, ஸ்டாம்பு சைசு, எல்லாம். ஞானஸ்நான விருந்தில் செய்தி பார்க்க நேரமே இல்லையாம், குழு உடைந்ததை அவன் அந்த நிமிடம்தான் கேட்கிறான். எனக்கு அந்த வெற்றியை அனுபவிக்கக்கூட நேரமில்லை. அவன் தரையில் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவனுக்கு.

போகும்போது சந்திப்பில் நிறுத்தி, இறக்குவதற்கு முன் பேனரைப் படமெடுத்துக்கொண்டான். கடைக்குப் போனதும் குழுவின் ரசிகர் பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘இவன் என் நண்பன், இந்தியா’ என்று எழுதி அந்தப் படத்தைப் போட்டான். மீதிக் கதையை எழுதுவதற்குள் தண்ணீர்த் தொட்டியில் போனைப் போட்ட ஒருவர் வந்துவிட்டார். அந்தப் போனைக் காயவைத்து, பிரித்து, மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது உலகம் அழுதுகொண்டிருந்தது.

பிரேசிலில் அழுதார்கள். போலந்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். சாகும்போது தன் உறவினர்களின் இடத்தில் குழுவை நிற்க வைத்த மனிதன் என்று என்னைக் கொண்டாடினார்கள். ஆறுதல் எல்லாம் நண்பனுக்கு. ‘மனதைத் தேற்றிக்கொள் சகோதரா’ என்று நூற்றுக்கணக்கானவர்கள். போனில் ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினான். திருத்தி எழுதுவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான்.

“மச்சி, ஃபின்லாந்துலேந்து ஒரு பொண்ணு, தனியா இருக்காதன்னு சொல்லுது.”

என் சாவிலும் லாபம் அவனுக்கு.

*

கடைசிக் கச்சேரியை யாரோ கூட்டத்திலிருந்து படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஒரு காலை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்த்தேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால், பதினாறு வருடம் மேடையில் வாயைத் திறக்காத வலதுக்காரர் மைக்குக்கு வந்தார். என் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னார். இந்தியாவில் ஒருவர் இருந்தார், பாட்டில் என் பக்கத்தை மட்டும் கேட்டவர், இது அவருக்கு, என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு வாசித்தார்கள். எனக்கு மிகவும் தெரிந்த பாட்டு. சோலோ வருகிற இடத்தில் இடதுக்காரர் வாசிக்கவில்லை. கையைக் கிடார் மேல் வைத்தபடி சும்மா நின்றார். வலது பக்கம் மட்டும் ஜகஜகஜக என்று போனது, நான் ரயிலில் கேட்ட மாதிரியே.

பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

அழுதேனா என்றால், அழுதேன். அடுத்த நிமிடமே வயிறு எரிந்தது. அந்தப் பாட்டு எனக்கில்லை. நான்குமுனைச் சந்திப்பில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தானே, அவனுக்கு. நான் பத்து வருடம் எழுதிக் கிடைக்காததை அவன் ஒரே நாளில் செத்து வாங்கிவிட்டான்.

அப்புறம்தான் உறைத்தது. என் பக்கத்தை மட்டும் கேட்டவர் என்று அவருக்கு யார் சொன்னது? நண்பனைக் கூப்பிட்டேன்.

“ஆமா, நான்தான். கமெண்ட்ல எவனோ உன்னப் பத்தி கேட்டான், சொன்னேன்.”

“உனக்கு எப்டிடா தெரியும்?”

“ட்ரெயின்லயே தெரியும். சோலோ வர்றப்ப நீ மட்டும் கண்ண மூடிக்கினு வேற எங்கியோ தலையாட்டிக்கினு இருப்ப. பேஜாரா இருக்கும் பாக்கறதுக்கு.”

“தெரிஞ்சும் ஒரு நாள் கூட மாத்தித் தரலையேடா?”

“நீ ஒரு நாளாவது ஜன்னல் சீட்ட குடுத்தியா?”

அவனே தொடர்ந்தான். “மச்சி, அந்த மனுஷன் பாவம். நீ நல்லாத்தான் இருக்கன்னு சொல்லிடணும். நான் ரெண்டு வரி போட்டு வுடட்டா?”

“வேணாம்.”

“ஏன்?”

“நான்தான் சொல்லுவேன். நான் உசுரோட இருக்கறத நான்தான் சொல்லணும். நீ வாயத் தொறக்காத.”

“செரி. ஜல்தியா சொல்லித் தொல.”

இந்த ஒரு செய்தியிலாவது நான் முந்த வேண்டும் என்று இருந்தது. இது என் செய்தி. வேறு யாருக்கும் இதில் பாத்தியதை கிடையாது. உட்கார்ந்து எழுதினேன். முதல் வரைவு ஏழு பக்கம் வந்தது, அதில் ஒரு பக்கம் பேனர் தொழிலின் சட்டங்களைப் பற்றி. அடித்துவிட்டேன். இரண்டாவதில் மன்னிப்பு அதிகமாக இருந்தது. மூன்றாவதில் ரயில், ஜன்னல் சீட்டு, ஒயர் எல்லாம் எழுதினேன், அது நன்றாக இருந்தது, ஆனால் அதில் நண்பன் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தான். அதையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். இதற்குள் பத்து நாள் போய்விட்டது. “அனுப்பிட்டியா?” என்று அவன் கேட்கும்போதெல்லாம், “அனுப்பிட்டேன்டா” என்றேன். பழக்கம்.

கடைசியில் நான்கே வரி. ஐயா, நீங்கள் பாட்டு வாசித்தது எனக்கு. நான் சாகவில்லை, பேனரில் தவறு நடந்துவிட்டது, தவறு என்னுடையது. ரயிலில் மூன்று வருடம் என் வலது காதில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். இதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அனுப்பிவிட்டு, பேனர் நின்ற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். சவுக்குக் கம்பு நட்ட குழிகள் இரண்டும் அப்படியே இருந்தன. லேமினேஷன் கடை எதிரிலேயே இருக்கிறது, திறந்துதான் இருந்தது. டீ பாதி குடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. பத்து வருடத்தில் முதன்முறையாக வலதுக்காரரிடமிருந்து எனக்கு ஒரு வரி:

“தெரியும், உங்கள் நண்பர் போன வாரமே சொல்லிவிட்டார்.”